பதின்மூன்றாவது கோடு

ஞாயிற்றுக்கிழமையும் இராமலிங்கம் ஐந்தரை மணிக்குத்தான் எழுந்தான். அடுப்பு மூட்டினான். காப்பிக்கு ஒரு பாத்திரம் வைத்தான், பிள்ளைகள் குளிக்க ஒரு பாத்திரம் வைத்தான். பாலனை எழுப்பினான். பத்து வயது, ஒரு தரம் கூப்பிட்டால் போதும். சந்திரகலாவை மூன்று தரம் கூப்பிட வேண்டும். அவளுக்கு ஆறு. அவள் தலையை வாரி இரட்டைப் பின்னல் போட்டான். முதல் வருஷம் பின்னல் கோணலாக வந்தது. இப்போது நேராக வருகிறது.

பக்கத்து வீட்டு காத்தூன் பீவி வேலிக்கு மேலாக இடியப்பத் தட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டான். சாப்பிட்டார்கள். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தான்.

பிறகு கயிறு.

அவன் ஆற்று வேலை ஆபீஸில் டிராப்ட்ஸ்மேன். நிலம் அளக்கும்போது நேர் பிடிக்க இழுக்கிற தார்க்கயிறு அது. ஒரு முனை பாலனின் மணிக்கட்டில், மறுமுனை சந்திரகலாவின் மணிக்கட்டில், நடுவில் தன் இடுப்பில் ஒரு சுற்று. முடிச்சுகளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.

"ஆட்டுச் சந்தைக்கா தம்பி?" என்றாள் காத்தூன் பீவி. ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிற கேள்வி.

"சும்மா நடந்துட்டு வரோம் பீவி."

"நல்லா வெல சொல்லுங்க லா. கொழுத்த ஆடு ஒண்ணு, எலும்பு ஆடு ஒண்ணு."

சந்திரகலா சிரித்தாள். பாலன் சிரிக்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த வரிசை வீடுகள் எல்லாம் மரத் தூண்களின்மேல் நின்றன. வாசலில் இறங்க ஐந்து படிகள். படிக்கு இடப்பக்கத் தூணில், தரைப்பலகைக்கு ஒன்றரை அடி கீழே, ஒரு கை அகலத்துக்கு மரம் சுரண்டப்பட்டு வெளிறியிருந்தது. இராமலிங்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் இறங்கினான். நாலு வருஷமாக அப்படித்தான் இறங்குகிறான்.

மழை வருகிற மாதிரி இருந்தது... வரவில்லை.

*

கிள்ளான் ஆறு முன்பெல்லாம் ஊருக்குள் வளைந்து வளைந்து போகும். நாலு வருஷத்துக்கு முந்தின பெருவெள்ளத்துக்குப் பிறகு அதை நேராக்க ஒரு கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கூலி ஆட்கள் அதைப் 'புதுவெட்டு' என்றார்கள். அதன் படங்களில் பாதி இராமலிங்கம் வரைந்தவை. ஞாயிறுதோறும் பிள்ளைகளுடன் அதன் கரையில் நடப்பான். பழைய ஆற்றின் கரையிலும் நடப்பான். ஊர்ச் சுவர்களில் வெள்ளம் ஏறி நின்ற உயரத்துக்கு அங்கங்கே கோடு போட்டு வைத்திருந்தார்கள். தாரில், சுண்ணாம்பில், உளியில். பிள்ளைகள் அவற்றைத் தேடுவார்கள். பாலனின் நோட்டில் இதுவரை பதினோரு கோடுகள் இருந்தன.

புதுவெட்டுக்குக் குறுக்கே ஒற்றைப் பலகை. எதிரே ஒரு பெண், தலையில் வெள்ளைத் துணி மூட்டையும் கையில் மடக்கிய குடையுமாக வந்தாள். அவள் கடக்கட்டும் என்று இராமலிங்கம் ஒதுங்கி நின்றான். அந்த நேரம் பார்த்துப் புல்லுக்குள் ஓர் உடும்பு ஓடியது.

"அப்பா... அங்க!" சந்திரகலா பாய்ந்தாள்.

கயிறு விறைத்தது. பாலன் சறுக்கினான். சறுக்கினவன் அந்தப் பெண்ணின் காலில் போய் மோதினான். மூட்டை சேற்றில் விழுந்து அவிழ்ந்தது. வெள்ளை உடுப்புகள்... தாதிகள் போடும் உடுப்புகள்... கஞ்சி மொடமொடப்போடு சேற்றில் பரந்தன.

"அய்யய்யோ... என் கஞ்சி!"

துணியைச் சொல்லவில்லை, கஞ்சியைச் சொல்கிறாள் என்று இராமலிங்கத்துக்குத் தோன்றியது.

"மன்னிக்கணும்."

"மன்னிக்கிறதா? நாளைக்குக் காலையில மேட்ரன் முன்னாடி நீங்க வந்து நிக்கிறீங்களா? 'தனலெட்சுமி, இது உடுப்பா, கரித்துணியா'ன்னு கேப்பாங்க. நீங்க பதில் சொல்றீங்களா?"

"சொல்றேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறானோ என்று தேடினாள். அந்த முகத்தில் கேலி இல்லை. எதுவுமே இல்லை. பிறகுதான் அவள் கண் கயிற்றில் விழுந்தது.

"இது என்ன?"

"கயிறு."

"கயிறுன்னு தெரியுது. பிள்ளைங்க கையில என்ன வேலை அதுக்கு?"

"ஆத்தங்கரை..."

"ஆத்தங்கரையில ஊர்ப் பிள்ளைங்க எல்லாந்தான் ஓடுதுங்க. எந்த அப்பாவும் கன்னுக்குட்டி மாதிரி கட்டி இழுத்துட்டுப் போகல." அவள் குனிந்து பாலனின் கையைத் திருப்பினாள். மணிக்கட்டில் கறுத்த வளையமாகத் தழும்பு. அவள் குரல் இறங்கியது. "இது இன்னிக்கு வந்தது இல்லையே..."

"எங்கம்மா சொல்லிட்டுப் போனாங்க மிஸ்ஸி," என்றான் பாலன், தாதிகளை எல்லோரும் கூப்பிடுகிறபடி. "எங்க கையை விடக்கூடாதுன்னு."

அப்போதுதான் மழை பிடித்தது. ஒரே அடியாக. அவள் குடையை விரித்துப் பிள்ளைகளுக்குமேல் பிடித்தாள். தான் நனைந்தாள். அவள் இமையில் ஒரு துளி நின்றது. விழுந்துவிடும் என்று பார்த்தான்... விழவில்லை. பெரிய கண்கள். கோபம் வந்தால் இன்னும் பெரிதாகிற கண்கள்.

தான் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கே எரிச்சலாக இருந்தது.

மூட்டையை அவனே தூக்கிக்கொண்டான். சலவைத்துறை வரைக்கும் மழையிலேயே நால்வரும் நடந்தார்கள். சலவைக்காரர் துணியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், தனலெட்சுமியைப் பார்த்தார்.

"என்ன மிஸ்ஸி, போறப்ப ஒருத்தியா போனீங்க, வர்றப்ப குடும்பமா வர்றீங்க?"

"வாயை மூடிக்கிட்டு அலசுங்க அண்ணே."

அவள் காது சிவந்ததை இராமலிங்கம் கவனித்தான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

அலசி முடியும்வரை பாலன் அவளுக்குத் தன் நோட்டைக் காட்டினான். சீன மருந்துக்கடைத் தூணில் உளியால் வெட்டிய கோடு. பாசார்ச் சந்தையின் இரும்புக் காலில் தார்க் கோடு. கிள்ளான் ஆற்றில் இன்னோர் ஆறு வந்து கூடுகிற இடத்தில், பள்ளிவாசல் பக்கத்துப் படித்துறையில் ஒரு கோடு. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் தன் உயரத்தையும் வரைந்திருந்தான். எல்லாக் கோடும் அவன் தலைக்குமேல்.

"உங்க வீட்டுல எந்த உயரம்?" என்றாள்.

"எங்க வீட்டுல கோடு இல்ல. அப்பா சுவர் பூரா வெள்ளையடிச்சிட்டாரு."

தனலெட்சுமி இராமலிங்கத்தைப் பார்த்தாள். அவன் ஆற்றைப் பார்த்தான்.

"எங்க ஆஸ்பத்திரி சமையல்கட்டுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு," என்றாள் பாலனிடம். "யாருக்கும் தெரியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை காட்டறேன். ஆனா உங்கப்பா துணியை சேத்துல போடாம வரணும்."

*

அடுத்த ஞாயிறு அவள் பலகைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றாள். பன்னிரண்டாவது கோடு கிடைத்தது.

அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள்.

கோடு தேடுவது என்பது வெறும் சாக்கு என்று இராமலிங்கத்துக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். ஊரையே நடந்து பார்த்தார்கள். ஈயம் தோண்ட வந்தவர்கள் முதன்முதல் படகிலிருந்து இறங்கிய கரையைக் காட்டினான். ரயில் பாலத்தின் கீழே நின்று, தலைக்குமேல் போன கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணினார்கள். ஆற்றின் பழைய வளைவு ஒன்று புதுவெட்டால் துண்டிக்கப்பட்டு ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. நடுவில் ஒரு படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. திரும்பப் போக அதற்குத் தண்ணீர் இல்லை.

"ஆறு ஏம்ப்பா கோணலாப் போகக்கூடாது?" என்றாள் சந்திரகலா.

"கோணலாப் போனா தண்ணி தேங்கும். ஊருக்குள்ள வந்துரும்."

"நேராப் போனா?"

"சீக்கிரம் போயிடும்."

"பாவம்," என்றாள் தனலெட்சுமி. "நின்னு யாரையும் பாக்கக்கூட அதுக்கு நேரமிருக்காது."

அவள் அதை ஆற்றைப் பற்றித்தான் சொன்னாளா...? அவன் கேட்கவில்லை.

அவள் அப்பா கிள்ளான் ஊரில் ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் என்று சொன்னாள். இருபத்து மூன்று வயதாகிறது, வேலைக்குப் போகிற பெண்ணை யார் கட்டுவார் என்று அம்மா அழுகிறாள் என்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நிறையப் பேசினாள். அவன் ஒன்று இரண்டு சொல் பேசினான். வீட்டுக்குப் போனபிறகு, சொல்லாமல் விட்டவை எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. நாலு வருஷமாக அப்படி எதுவும் வந்ததில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. மரத்துப்போன காலில் ரத்தம் ஓடுவதுபோல வலித்தது, அவ்வளவுதான்.

கயிற்றை மட்டும் அவன் அவிழ்க்கவில்லை. அவளும் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் ஞாயிறு, கரையில் கால் வைத்ததும் தன் கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு முடிச்சு போடுங்க."

"எதுக்கு?"

"உங்க கணக்குப்படி ஆத்தங்கரைக்கு வர்றவங்க எல்லாம் விழுந்துருவாங்க. நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

"விளையாடாதீங்க மிஸ்ஸி."

"விளையாடல."

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்திரகலா கையைத் தட்டினாள். "போடுங்கப்பா! மிஸ்ஸி அக்காவும் ஆடு!"

அவள் மணிக்கட்டு மெலிதாக இருந்தது. சோப்பு வாசனை. ஆயிரம் முடிச்சு போட்ட விரல்கள்... இரண்டு தரம் தவறின. மூன்றாம் தரம் முடிச்சு விழுந்தது. அவள் இழுத்துப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் இருக்கு," என்றாள் மெதுவாக.

அன்று முழுக்க ஒரே கயிற்றில் நால்வர் நடந்தார்கள். பாசாரில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். இராமலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவிழ்க்கத் தோன்றவில்லை.

*

நாலாம் ஞாயிறு மழை அவர்களை ஜாவாத் தெருவில் பிடித்தது. கடைகளின் முன்னால் ஓடுகிற அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கினார்கள். பிள்ளைகளுக்குக் கச்சான் கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தான். கயிற்றின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்து தின்றார்கள். அவள் மணிக்கட்டிலும் கயிறு இருந்தது.

"பிள்ளைங்க உங்ககிட்ட ஒட்டிக்கிட்டாங்க," என்றான்.

"ம்."

"வீட்டுல ஒருத்தங்க இருந்தா... இவங்களுக்கு நல்லாருக்கும்."

"ஆயா வேணுமா? காத்தூன் பீவிகிட்ட சொல்லி விடுங்க. கம்பத்துக் கிராமத்துல யாரையாச்சும் பிடிச்சுக் கொடுப்பாங்க."

"அப்படி இல்ல."

"பின்ன எப்படி?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அவள் கண்கள் அவன் முகத்தை விடவில்லை. கோபமில்லாமலே பெரிதாக இருந்தன.

"டிராப்ட்ஸ்மேன் ஐயா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. ஒரு பொண்ணைக் கேக்குறப்ப பிள்ளைங்களுக்காகன்னு கேக்கக்கூடாது. பிள்ளைங்களை எனக்கும் பிடிக்கும். அது வேற. உங்களுக்கு நான் வேணுமா? அதைச் சொல்லுங்க. சொல்ல வாய் வரலேன்னா மழை விட்டதும் நான் போய்க்கிட்டே இருப்பேன்."

வேணும் என்ற சொல் அவன் தொண்டை வரைக்கும் வந்தது.

"எனக்குன்னு எதையும் கேக்குற யோக்கியதை எனக்கு இல்ல," என்றான்.

"ஏன்?"

அவன் சொன்னான். யாரிடமும் சொல்லாததைச் சொன்னான். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. ஆபீஸில் நீர்மட்டம் வாசிக்கிற குரல்.

வெள்ளத்துக்கு மூன்று மாதம் முன்னால். ஒரு ஞாயிறு. ஆபீஸின் மட்டக்கருவியைக் கேட்டு வாங்கி வந்தான். ஊரில் அதற்கு முன் வந்த பெருவெள்ளத்தின் அடையாளம் ஆற்றங்கரைக் கடை ஒன்றில் இருந்தது. அங்கிருந்து தெருத்தெருவாக மட்டம் பிடித்துத் தன் வீட்டுத் தூண் வரைக்கும் கொண்டுவந்தான். தூணில் சிவப்பு எண்ணெய்ச் சாயத்தில் ஒரு கோடு போட்டான். 'வெள்ளம் எவ்வளவு பெரிசா வந்தாலும் இதுக்கு மேல வராது. நம்ம தரைப்பலகை இதுக்கு ஒன்றரை அடி உயரம்' என்றான். வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அவன் மனைவி பவுனம்மாள் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். 'எங்க வீட்டுக்காரரு படிச்சவரு' என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள்.

டிசம்பரில் மழை விடாமல் பெய்தது. ஆபீஸ் அவனைக் கிள்ளானுக்கு அனுப்பியது, முகத்துவாரத்தில் நீர்மட்டம் குறிக்க. இங்கே வரிசை வீட்டுக்காரர்கள் மேட்டுக்கு ஓடினார்கள். காத்தூன் பீவி கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். பவுனம்மாள் போகவில்லை. 'அவரு கோடு போட்டிருக்காரு பீவி, அதுக்கு மேல வராது.'

தரைப்பலகைக்குமேல் நாலு அடி வந்தது.

பாலனை அலமாரியின்மேல் ஏற்றினாள். சந்திரகலாவைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீரில் நின்றாள். படகுக்காரர்கள் வந்து மூவரையும் ஏற்றி, பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமில் இறக்கினார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஐந்தாம் நாள் போய்விட்டாள். ரயில் பாதை உடைந்திருந்தது. அவன் ஆறாம் நாள் வந்தான். ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். தாலிக்கொடி, இரண்டு வளையல், ஒரு சீட்டு. கடைசியாக அவள் சொன்னது என்று யாரோ எழுதியிருந்தார்கள். 'பிள்ளைகள் கையை விட்டுவிட வேண்டாம் என்று சொன்னார்.'

"அதான் இந்தக் கயிறு," என்றான். "அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சது."

அவள் தன் மணிக்கட்டு முடிச்சைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போனேன். தூண்ல கோடு இல்ல. சுரண்டியிருந்துச்சு. எண்ணெய்ச் சாயம், தண்ணியில போகாது. தண்ணி ஏறிட்டு வர்றப்ப அவதான் படியில உட்கார்ந்து நகத்தால சுரண்டியிருக்கா. எம்மேல அவ்வளவு ஆத்திரம். நியாயம்தானே... கடைசியா என்னைப் பத்தி ஒரு சொல்லு சொல்லல பாருங்க. பிள்ளைகளை மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா. எனக்குச் சொல்ல அவகிட்ட ஒண்ணும் இல்ல."

தனலெட்சுமியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"வாசல்ல..." என்றாள். மறுபடி சொன்னாள். "உங்க வாசல்ல கருவேப்பிலை மரம் இருந்துச்சா? மூணாவது வீடா?"

"இருந்துச்சு. வெள்ளத்துல விழுந்துருச்சு. உங்களுக்கு எப்படித்..."

அவள் மணிக்கட்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இளகவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு விழுந்தது. கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தாள். நடந்தவள் ஓடினாள்.

"மிஸ்ஸி அக்கா! குடை!" என்று சந்திரகலா கத்தினாள்.

அவள் திரும்பவில்லை.

*

மூன்று ஞாயிறு அவள் வரவில்லை.

இராமலிங்கம் ஆச்சரியப்படவில்லை. கேட்டாள், சொன்னான், போய்விட்டாள். சரியான தீர்ப்பு. ஒருதரம் குடையை எடுத்துக்கொண்டு தாதிகள் விடுதி வாசல் வரைக்கும் போனான். காவல்காரன் ஆண்பிள்ளைகள் வரக்கூடாது என்றான். திரும்பிவிட்டான். குடையை ஆணியில் மாட்டினான். காலையில் எழுந்தால் முதலில் கண்ணில் பட்டது அதுதான். வேறு ஆணியில் மாட்டினான். அங்கும் கண்ணில் பட்டது.

"மிஸ்ஸி அக்காவுக்கு நம்ம மேல கோவமாப்பா?"

"உன் மேல இல்ல."

"பின்ன?"

"தலையை ஆட்டாதே. பின்னல் கோணும்."

காத்தூன் பீவி வேலியோரம் வந்து நின்றாள். வழக்கமான கேலி அவளிடம் இல்லை. "ஒரு மாசமா நீங்க சீட்டியடிச்சுக்கிட்டே பல் வெளக்குனீங்க தம்பி. உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. இப்ப மூணு வாரமா சத்தத்தைக் காணோம்," என்றாள். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லைதான்.

நாலாம் ஞாயிறு. ஐந்தரை மணி, அடுப்பு, வெந்நீர், பின்னல், இடியப்பம். பாலனின் கையில் முதல் முடிச்சைப் போட்டான். சந்திரகலாவின் கையில் போட்டான். கதவைத் திறந்தான்.

தூறலில் அவள் நின்றாள். படியேறாமல் கீழே, இடப்பக்கத் தூணுக்கு எதிரே. வெள்ளை உடுப்பு. கண்கள் சிவந்திருந்தன.

"குடை வாங்க வந்தீங்களா?" என்றாள் சந்திரகலா.

"இல்லடா கண்ணு." அவள் இராமலிங்கத்தைப் பார்த்தாள். "பிள்ளைங்க இருக்கட்டும். அவங்களும் கேக்கணும். அந்தச் சீட்டு... அதை எழுதினது நான்தான்."

அவன் கயிற்றைப் பார்த்தான்.

"அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. வேலையில சேர்ந்து மூணு மாசம். பள்ளிக்கூடத்துல பாய் விரிச்சு நாப்பது பேரு கிடந்தாங்க. கிளார்க் வந்து ஒவ்வொருத்தருக்கும் கேப்பாரு. 'கடைசியா என்ன சொன்னாங்க, எழுதிக் கொடு, வீட்டுக்காரங்க வந்தா கேப்பாங்க'ன்னு. உங்க வீட்டம்மா என்கிட்ட சொன்னது... யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டுச் சொன்னது. அதை எழுத முடியாது. வெறுங்காகிதமா கொடுக்கவும் மனசு வரல. ஒரு அம்மா என்ன சொல்லுவா... பிள்ளைங்களைத்தானே சொல்லுவான்னு... நானா எழுதிட்டேன்."

"நீயா எழுதினே?"

முதல்தரம் அவளை நீ என்றான்.

"ஆமா."

"கையை விட வேண்டாம்னு... அவ சொல்லல?"

"சொல்லல."

"நாலு வருஷம்." அவன் பாலனின் கையைத் தூக்கிக் காட்டினான். குரல் உடைந்தது, அந்த ஒலி அவனுக்கே அந்நியமாக இருந்தது. "இதைப் பாரு. நாலு வருஷம்!"

"பாத்தேன். மொத நாளே பாத்தேன். யாரோ பைத்தியக்காரன் பிள்ளைங்களைக் கட்டிவைக்கிறான்னு நெனச்சேன். அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வச்சவளே நான்தான்னு எனக்குத் தெரியாதே..."

அவள் அழவில்லை. நேராக நின்றாள். மேட்ரன் முன்னால் நிற்பதுபோல.

இராமலிங்கம் குனிந்தான். பாலனின் முடிச்சை அவிழ்த்தான். சந்திரகலாவின் முடிச்சை அவிழ்த்தான். கயிறு படியில் விழுந்தது. பிள்ளைகள் நகராமல் நின்றார்கள்.

"அப்பா... கட்டலையா?"

"வேண்டாம். போங்க."

"எங்க?"

"புதுவெட்டுக்கு. போய் விளையாடுங்க. நான் வரேன்."

பாலன் ஒரு படி இறங்கினான். நின்றான். திரும்பி, தானாகவே தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் வேலியைத் தாண்டிப் போனார்கள். முதலில் நடந்தார்கள். பிறகு ஓடினார்கள்.

அவன் கால் ஒரு படி இறங்கியது. ஆனாலும் பின்னால் போகவில்லை.

"அன்னிக்கு மழையில நான் ஓடினது உங்க மேல கோபத்துல இல்ல," என்றாள் தனலெட்சுமி. "அவங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். உங்களுக்கு ஒரு பதில் சொல்லணும். ரெண்டையும் ஒண்ணா வச்சுக்க முடியல. மூணு வாரம் யோசிச்சேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பேசாம நடக்குறது பிடிச்சிருக்கு. பெத்த மகளுக்கு நேரா வகிடு எடுக்குற கை பிடிச்சிருக்கு. நீங்க எனக்கு வேணும். உங்களுக்குச் சொல்ல வரலேன்னா பரவாயில்ல, நானே சொல்லிட்டேன். ஆனா இதை மறைச்சுக்கிட்டு இந்தப் படி ஏறமாட்டேன். அவங்க வாக்கை இன்னிக்கு உடைக்கிறேன். அவங்க என்னை மன்னிக்கட்டும்."

"எந்த வாக்கு?"

அவள் தூணைக் காட்டினாள்.

"நகம்னு சொன்னீங்களே. குனிஞ்சு பாத்தீங்களா ஒரு நாளாவது?"

அவன் பார்த்ததில்லை. கோடுகளை அளந்து சம்பாதிக்கிறவன், நாலு வருஷமாக அந்த இடத்தின்மேல் கண் வைத்ததில்லை.

படியிறங்கினான். சேற்றில் முழங்கால் வைத்துக் குனிந்தான். சுரண்டல்கள் எல்லாம் ஒரே அகலம், ஒரே ஆழம், மேலிருந்து கீழாக நேராக. நகம் அப்படிச் சுரண்டாது. அவசரமில்லாத கை. உட்கார்ந்து, நேரம் எடுத்து, ஒரு பொட்டுச் சிவப்பு மிச்சமில்லாமல் எடுத்திருந்தது.

"கட்டுத்துணி வெட்டுற கத்தரிக்கோல்," என்றாள் அவள். "தண்ணி வடிஞ்ச அன்னிக்கு வந்தேன். தெருவுல யாரும் இல்ல. மரம் விழுந்து கிடந்துச்சு, அதை வச்சுத்தான் வீட்டைக் கண்டுபிடிச்சேன். நீங்க வந்து பாக்குறதுக்குள்ள முடிக்கணும்னு..."

அவன் சுரண்டிய மரத்தின்மேல் கை வைத்தான். ஈரமாக இருந்தது. தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"அவ என்னதான் சொன்னா?"

தனலெட்சுமி அவன் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள். வெள்ளை உடுப்பில் சேறு ஏறியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"மூச்சு வாங்குச்சு. வாயில காது வச்சுத்தான் கேட்டேன். மரத்தைச் சொன்னாங்க, மூணாவது வீடுன்னு சொன்னாங்க. சத்தியம் வாங்கினாங்க. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. கடைசியா சொன்னது இதுதான்..."

"'தூண்ல ஒரு சிவப்புக் கோடு இருக்கும் தங்கச்சி... நான் சொன்னேன்னு சொல்லாத... அவரு வர்றதுக்குள்ள அதைச் சுரண்டிடு... பாத்தா அந்த மனுசன் தாங்கமாட்டாரு.'"